உறையும் ஒரு காவலனே!

இராசபாளையத்திலிருந்து மதுரைக்குப் பேருந்தேறும் நம்மவர் பலர் வழியில் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மறப்பதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பெருமை அதற்குண்டு. ஆயினும் அதன் ஆயுள் சில நாட்களே! ஈரத்தால் பூஞ்சை பூக்கிறது. பாற்கொழுப்பு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிச் சிக்கு வாடை அடிக்கிறது.

இதைத் தடுக்க அறிவியல் இரு வழிகள் காட்டுகிறது. கிராம்பின் யூஜினால், வைட்டமின் ஈ போன்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களை உறையிலே பதித்து மெல்லக் கசியவிடுவது ஒன்று. ஆக்சிஜனை உறிஞ்சும் இரும்புத்தூள் சிறுபையைக் காற்றுப்புகா உறைக்குள் இடுவது மற்றொன்று. 1977-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முறை இது.

நம் பால்கோவாவுக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் துணிபு. பாலும் சர்க்கரையுமே சேர்ந்த பண்டத்தில் புதுப்பொருள் கசிவதும் கிராம்பு மணப்பதும் முறையாகுமா? ஆக்சிஜன் குறைந்தால் பூஞ்சையும் அடங்கும். ஆனால், பாலின் தரத்தையும் கைகளின் தூய்மையையும் எந்த உறையும் ஈடுசெய்யாது. பழைய சரக்கைப் புதிதெனக் காட்டும் போர்வையாகவும் அது மாறிவிடக் கூடாது. செய்த நாளை உறைமேல் அச்சிடுவதே நாணயம்.

வேதியியல் பயிலும் நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் கற்பதை அடுத்த ஊர் அடுப்படிக்கு எடுத்துச் செல்வோம். கறந்தவர், கிண்டியவர் உழைப்பு வீணாகாமல் காப்பதும் கல்வியின் கடமையன்றோ?