குத்தகை கட்டிய பன்றி

அயர்லாந்து ஏழைகள் பன்றியோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததை 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பத்திரிகைகள் கேலிப்பொருளாக்கின. லண்டனின் ‘பஞ்ச்’ இதழ்க் கேலிச்சித்திரங்களில் அயர்லாந்துக் குடியானவனுக்குப் பக்கத்தில் பன்றியும் அடிக்கடி இடம்பெற்றது. அந்தக் கேலி எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது. குத்தகை கட்டும் கனவான் என்றே அந்தப் பன்றியைச் சொல்வார்கள். குடும்பம் உருளைக்கிழங்கைத் தின்றது. தோலும் பொடிக்கிழங்கும் பன்றிக்குப் போயின. கொழுத்ததும் சந்தைக்கு ஓட்டிப்போய் விற்று, அந்தக் காசை நிலப்பிரபுவின் ஆளிடம் கட்டினார்கள். வளர்த்தவர்கள் அதன் இறைச்சியைச் சுவைப்பது அரிது. குத்தகை தவறினால் தெருவில்தான் நிற்கவேண்டும் என்ற நிலையில், அந்தப் பிராணியைக் குளிரில் சாகவிடுவார்களா? மேற்கு அயர்லாந்தின் சில நீள்வீடுகளில் ஒரு முனையில் பசுவும் மறுமுனையில் கணப்படுப்பும் மனிதர்களும் இருந்தார்கள். பசுவுக்குக் கூரை கிடைத்தது, வீட்டுக்கு அதன் உடற்சூடு கிடைத்தது. பிப்ரவரி 1, புனித பிரிஜித் திருநாளையொட்டிக் கோரைப்புல்லில் பின்னிய சிலுவையை வீட்டில் மட்டுமல்ல, தொழுவத்திலும் செருகினார்கள். வீட்டாருக்கு வேண்டிய காப்பைக் கால்நடைக்கும் வேண்டிக்கொண்ட மக்கள் அவர்கள்! 1845இல் கிழங்கில் அழுகல் நோய் விழுந்தது. மனிதனுக்கே கிழங்கில்லாதபோது பன்றிக்கு ஏது? தொடர்ந்து வந்த பஞ்சத்தின் ஆண்டுகளில் பன்றிகளின் எண்ணிக்கை சரிந்தது. குத்தகைக் காசு போயிற்று, எத்தனையோ குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன, குடிசைகள் இடிக்கப்பட்டன. அந்தக் கேலிச்சித்திரங்களை இன்று மறுபதிப்புச் செய்கிறவர்கள், இந்தக் கணக்கையும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும்.