எத்தனை மீட்டர், எவ்வளவு வெளிச்சம்?

ஆண்டிறுதி போனஸ் கைக்கு வரும் நேரத்தில் நண்பர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. “நல்ல கேமரா ஒண்ணு சொல்லுங்களேன்.” கூடவே விளக்கமும் வரும். “வீட்டில பிள்ளைங்களை எடுக்கணும். பெரியவன் பள்ளியில காற்பந்து ஆடுறான், அதையும் எடுக்கணும். லீவுல சுங்கை பூலோ போனா பறவை எடுக்கணும்.”

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வதால் மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று தோன்றிவிடுகிறது. கடையில் ஒரு கேமரா, ஒரு லென்ஸ், இலவசப் பை என்று கட்டிக்கொடுப்பார்கள். இரண்டு மாதம் உற்சாகமாக எடுப்பார்கள். வீட்டுக்குள் எடுத்த படம் கலங்கியிருக்கும், திடலில் எடுத்த மகன் எறும்பு அளவில் இருப்பான், பறவை ஒரு புள்ளியாகத் தெரியும். பிறகு பெட்டி அலமாரிக்குள் போய்விடும். கைபேசி மறுபடி வெளியே வரும். ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி போனது ஒரு பக்கம். அந்த இடைவெளியில் பிள்ளைகள் வளர்ந்துவிடுவது இன்னொரு பக்கம்.

அதனால் நான் திருப்பிக் கேட்பது வேறு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஆள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார்? அங்கே வெளிச்சம் எவ்வளவு? அவர் எவ்வளவு வேகமாக நகர்கிறார்? இதற்கு விடை தெரிந்தால் எந்த லென்ஸ் என்று தெரியும். லென்ஸ் முடிவானால் கேமராவைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வானொலியிலும் இதே கதைதான். மைக் எந்த நிறுவனத்துடையது என்பதைவிட, வாய்க்கும் மைக்குக்கும் எத்தனை அங்குலம் என்பதுதான் கேட்பவர் காதில் விழும் குரலை முடிவு செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கு கையில் இருந்தால் கடையில் தடுமாற வேண்டியதில்லை. ஆரம்பநிலைக் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் சுமார் 23.5 மில்லிமீட்டர். தூரத்தை 23.5ஆல் பெருக்கி, லென்சின் மில்லிமீட்டரால் வகுத்தால், படத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்று வந்துவிடும். ‘முழு அளவு’ சென்சார் என்றால் 23.5க்குப் பதில் 36.

முதலில் வீடு. “50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள், விலை குறைவு” என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல லென்ஸ்தான். ஆனால் நம் அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் 3 மீட்டருக்கு மேல் பின்னால் போக இடம் ஏது? ஏபிஎஸ்-சி கேமராவில் 3 மீட்டர் தள்ளி நின்றால் 50 மி.மீ. லென்சுக்குள் அடங்குவது சுமார் 1.4 மீட்டர். இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். தாத்தா பாட்டியையும் சேர்க்க வேண்டுமென்றால் நீங்கள் அடுப்படிக்குள் போய் நிற்க வேண்டும். 24 மி.மீ. லென்ஸ் என்றால் அதே இடத்திலிருந்து கிட்டத்தட்ட 3 மீட்டர் அடங்கும்; சோபாவே முழுதாக வரும். 23 முதல் 35 மி.மீ.க்குள், எஃப் 2 அல்லது அதற்குக் கீழ் ஒன்று இருந்தால் வீட்டுக்குப் போதும். தீபாவளி விளக்கு, பிறந்தநாள் மெழுகுவத்தி, தைப்பூசத்துக்கு முன் வீட்டில் காவடி கட்டும் நேரம் எல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

அந்த எஃப் எண் எதற்கு? எண் சிறியதாக ஆக, லென்சின் வாய் பெரிதாகிறது. கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 லென்ஸ், முழுதாக ஸூம் செய்தால் பொதுவாக எஃப் 5.6இல் நிற்கும். எஃப் 1.8 அதைப்போல ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மெழுகுவத்தியை ஊதும் குழந்தையைக் கலங்காமல் எடுக்க ஷட்டர் வேகம் 1/250 நொடியாவது வேண்டும். அந்த வேகத்துக்குத் தேவையான வெளிச்சம் பெரிய வாய் உள்ள லென்சில்தான் கிடைக்கும்.

அடுத்து விளையாட்டு. காலை வெயிலில், திறந்த திடலில் என்றால் விலை உயர்ந்த லென்ஸ் தேவையே இல்லை. 55-210, 55-250 போன்ற சாதாரண ஸூம் போதும். 20 மீட்டர் தள்ளி ஓடும் பிள்ளையை 200 மி.மீ.யில் எடுத்தால் 2.3 மீட்டர் அகலம் வரும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் தலை முதல் காலணி வரை அடங்கும். ஷட்டரை 1/1000இல் வையுங்கள். பந்து எதிர்ப்பக்கக் கோலுக்குப் போய்விட்டால் விட்டுவிடுங்கள், திரும்பி வரும்.

உள்ளரங்கம்தான் சோதனை. பூப்பந்து, சிலம்பம், பரதநாட்டியம் எல்லாம் நடப்பது பள்ளி மண்டபத்தில். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் மண்டபம் கேமராவுக்கு இருட்டு. நிபுணர்கள் இங்கே 70-200 எஃப் 2.8 பிடிப்பார்கள்; விலை பல ஆயிரம் வெள்ளி, எடை ஒரு கிலோவுக்கு மேல். வீட்டுக்கு அது வேண்டியதில்லை. 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் அதன் விலையில் ஒரு சிறு பங்குதான். முன் வரிசையில் இடம் பிடித்து 10 மீட்டருக்குள் உட்கார்ந்தால் நன்றாக வரும். ஐஎஸ்ஓவை 3200, 6400 வரை ஏற்றத் தயங்காதீர்கள். பொடிப் புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் வைக்கலாம். கலங்கிய படத்தை வைக்க முடியாது. எல்இடி விளக்கில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்தால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

கடைசியாக வனவிலங்கு. இதிலும் எல்லாவற்றுக்கும் பீரங்கி தேவையில்லை. பீஷான்-அங் மோ கியோ பூங்காவிலோ காலாங் கரையிலோ நீர்நாய்க் குடும்பம் 10 மீட்டரில் விளையாடினால், விளையாட்டுக்கு வாங்கிய அதே ஸூம் போதும். இங்கிருந்து மறைந்துபோய் 1994இல் புலாவ் உபினில் மீண்டும் தென்பட்ட இருவாச்சி, இப்போது சாங்கி, பாசிர் ரிஸ் பக்கத்து மரங்களிலேயே காணக் கிடைக்கிறது. முக்கால் மீட்டர் நீளப் பறவை. 20 மீட்டரில் 400 மி.மீ. போதும். அதே தூரத்தில் ஒரு சாண் அளவு மீன்கொத்தி என்றால் 600 மி.மீ. கேட்கும். அத்தகைய லென்ஸ் பல 2 கிலோ வரை கனக்கும். பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு அதைத் தூக்க முடியுமா என்று யோசியுங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000 வேகமாவது வேண்டும். பக்கத்தில் வரவைக்கத் தீனி போடாதீர்கள். சிங்கப்பூரில் அது சட்டப்படி குற்றம்.

சரி, கேமரா? கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும் வசதி உள்ள மிரர்லெஸ் எதுவானாலும் இந்த மூன்று வேலைக்கும் ஈடுகொடுக்கும். ஓடும் குழந்தைக்கு அந்த வசதி பெரிய உதவி. கையில் பணம் குறைவு என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் மோசமில்லை. பெனின்சுலா கடைத்தொகுதியில் பழைய கேமராக்களைத் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். ஒன்று மட்டும் செய்யுங்கள். லென்சுக்குப் பின்னாலிருந்து கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்திவலை போல் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் புதிய லென்சுக்கும் அது வரும். 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் வைக்கும் டிரை கேபினட்டின் விலையையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பணத்தைக் கட்டும் முன் இன்று இரவே ஒரு வேலை. உங்கள் கைபேசியில் கடைசியாக எடுத்த 100 படங்களைப் பாருங்கள். வீட்டுக்குள் கலங்கியவை எத்தனை, விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பாழானவை எத்தனை, பறவை விலங்கு எத்தனை என்று எண்ணுங்கள். எது அதிகமோ அதற்கான லென்சை முதலில் வாங்குங்கள். எதிலும் குறை தெரியவில்லையா? கைபேசியே போதும், பணத்தைச் சேமியுங்கள். நீண்ட லென்ஸ் மேல் ஆசை விடவில்லை என்றால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அப்படிக் கொடுக்கும் கடைகள் இங்கே உண்டு.

எண்ணிப் பார்த்தும் முடிவு வரவில்லை, ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், வீட்டுக்கான அந்தச் சின்ன லென்ஸையே வாங்கச் சொல்வேன். சுங்கை பூலோவுக்கு வலசைப் பறவைகள் அடுத்த செப்டம்பரிலும் வரும். பள்ளி விளையாட்டு விழா அடுத்த ஆண்டும் இருக்கும். முன்பல் விழுந்த ஆறு வயதுச் சிரிப்பு சில மாதங்கள்தான். வாங்கியதும் லென்சை மாட்டிய கேமராவை அலமாரியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். இடையிடையே பிள்ளையிடமும் கொடுங்கள். படத்தில் நீங்களும் இருக்க வேண்டுமே.