மரம் பேசாதாம் தாத்தா

போன ஜனவரியில் என் பேரன் படிக்கும் பள்ளியில் ஆண்டு விழா நடந்தது. போளூரில் ஆங்கில வழிப் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. எந்தப் பள்ளி என்பது இங்கே முக்கியமில்லை. "இங்கிலீஷ் டிராமா இருக்கு தாத்தா, அதுல நானும் இருக்கேன்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். பச்சைச் சட்டை, அட்டையில் வெட்டிய இலைகள் எல்லாவற்றுக்கும் என் மகள் பணம் கட்டினாள். நானும் என் மனைவியும் சீக்கிரமே போய் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தோம்.

நாடகம் பத்து நிமிடம். ஐந்து பிள்ளைகள் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். என் பேரன் இரண்டு கைகளையும் விரித்தபடி கடைசிவரை அசையாமல் நின்றான். வீட்டுக்கு வரும் வழியில், "உனக்கு வசனமே இல்லையாடா?" என்று கேட்டேன்.

"மரம் பேசாதாம் தாத்தா. மிஸ் சொன்னாங்க."

"போன வருஷம் என்ன வேஷம்?"

"அப்பவும் மரம்தான். அதுக்கு முந்தின வருஷம் மேகம்."

என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்ல, என் பள்ளிக்கூட நாட்களுக்கும் புதுச்சேரிக்கும் கொஞ்சம் போய்வர வேண்டும்.

நான் புதுச்சேரிக்காரன். ஓய்வு பெற்ற பிறகுதான் மனைவியின் ஊரான போளூருக்குக் குடிவந்தேன். புதுச்சேரி இந்திய நிர்வாகத்துக்கு வந்தது 1954 நவம்பர் 1ஆம் தேதி. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் முடிந்தது. இடைப்பட்ட அந்த எட்டு வருஷங்களில்தான் என் ஆரம்பப் படிப்பு. பிரெஞ்சு படித்தவனுக்கு உத்தியோகம் நிச்சயம் என்று அப்பா நம்பினார், பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். வீட்டில் யாருக்கும் அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது.

ஆனாலும் பிரெஞ்சு எனக்கு வந்தது. எப்படி? லா ஃபோன்தேன் எழுதிய காகம், நரி கதையை எங்கள் வாத்தியார் வகுப்பிலேயே நடிக்க வைப்பார். நம் ஊர்க் காகம் வைத்திருப்பது பாட்டி சுட்ட வடை. பிரெஞ்சுக் காகம் வைத்திருப்பது ஃப்ரொமாஜ், அதாவது சீஸ். அந்த வயதில் சீஸை நாங்கள் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. வாத்தியார் பாதி வடையை வாயில் கவ்வக் கொடுத்து, இதுதான் ஃப்ரொமாஜ் என்பார். ஒவ்வொரு வாரமும் வேறு காகம், வேறு நரி. வகுப்பில் காகமாகாத பையனே கிடையாது. திக்கினாலும் பேசித்தான் ஆக வேண்டும், வடை கீழே விழுந்துதான் ஆக வேண்டும். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டேன். நேற்று சாப்பிட்டது மறந்துபோகிறது, அந்த வரிகள் மறக்கவில்லை.

ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். அதற்கு முந்தின நாள் மாலை காகித விளக்குகளோடு ஊர்வலம் போகும். மறுநாள் பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்த நம் தமிழ்ச் சிப்பாய்கள் நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் நிற்பார்கள். புதுச்சேரியில் இன்றும் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அங்கே ஒரு பாட்டு, ஒரு வணக்கம், பெரியவர்களிடம் ஒரு நலம் விசாரிப்பு என்று எங்களுக்கு மொழி வாயிலும் காதிலும் ஏறியது. வாய்ப்பாடு மாதிரி எழுதிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

ஆங்கிலம் எனக்கு அப்படி வரவில்லை. புதுச்சேரி அரசில் எழுத்தராகச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தன. பழைய கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதியே கற்றுக்கொண்டேன். குறிப்பு எழுதுவேன், வரைவு போடுவேன், நினைவூட்டுக் கடிதம் எழுதுவதில் எனக்கு நல்ல பெயர். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு மனிதரிடம் பேசியதே இல்லை.

ஒருமுறை டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். ஒரு கோப்பைப் புரட்டிவிட்டு, "யார் எழுதியது? விளக்கிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான் எழுதியது. எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. பக்கத்து மேஜை நண்பர் எழுந்து என் கோப்பை எனக்குப் பதிலாக விளக்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, என்னைக் காப்பாற்றத்தான் பேசினார். ஆனால் அன்றிலிருந்து யாராவது வந்தால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் எழுதுகிற ஆள், அவர் பேசுகிற ஆள் என்று ஆகிவிட்டது. பணி முடியும்வரை அது மாறவில்லை.

மேடையில் கையை விரித்து நின்ற பேரனைப் பார்த்தபோது எனக்கு அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது.

பள்ளி விழாக்கள் வீண், பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கட்டும் என்று சொல்லும் பெரியவர்கள் என் வயதில் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை. விழாவும் நாடகமும் சுற்றுலாவும் ஆங்கிலம் கற்க நல்ல வழிகள். ஆனால் ஒரு நிபந்தனை. பேசுகிற பிள்ளைக்குத்தான் அவை வழி. பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளைக்கு, பேசுவது உன் வேலை இல்லை என்பதுதான் பாடம். அந்தப் பாடம் ரொம்ப ஆழமாகப் பதியும். என்னைக் கேளுங்கள்.

விழா முடிந்த வாரம் அந்த ஆசிரியையைப் பார்த்துப் பேசினேன். நல்ல பெண். "ஐயா, கிளாஸ்ல நாற்பத்திரண்டு பேர். எங்களுக்குக் குடுத்தது பத்து நிமிஷம். ஒரு பிள்ளை திக்கினாலும் வீடியோ எடுக்கிற பேரன்ட்ஸ் எங்களைத்தான் கேட்பாங்க" என்றார். நியாயம்தான். குற்றம் அவருடையது மட்டும் இல்லை. மூன்றாவது வரிசையில் செல்போனைத் தூக்கிப் பிடித்த எங்களுக்கும் பங்கு உண்டு.

அவரிடம் ஒரு கணக்குச் சொன்னேன். நாற்பத்திரண்டு பேரை ஆறு ஆறாகப் பிரித்தால் ஏழு குழு. அதே நாடகத்தை ஏழு குழுவும் வகுப்புக்குள்ளேயே நடிக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை வேஷம் மாறட்டும். மேடைக்கு யார் போனாலும் சரி, படிப்பு ஒத்திகையிலேயே முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னேன். அதை நான் கற்றது இந்தப் பக்கத்துத் தெருக்கூத்தில். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது விடிய விடியப் பார்த்திருக்கிறேன். பகலில் ஏர் ஓட்டுகிறவர் ராத்திரியில் துரியோதனனாக வந்து அடுக்கடுக்காகச் செந்தமிழ் பேசுவார். சிலர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள். கேட்டும் பாடியும் ஆடியும் வந்த மொழி அது. அங்கே கட்டியங்காரன் என்று ஒருவர் உண்டு. ராஜா வந்ததும், நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று குடைந்து குடைந்து கேட்பார். சில நேரம் எதிர்பாராததையும் கேட்பார். ராஜாவுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பள்ளியின் ஆங்கில நாடகத்துக்கும் ஒரு கட்டியங்காரன் வேண்டும். மரத்தைப் பார்த்து, உனக்கு என்ன வயது, உன் மேல் யார் கூடு கட்டியிருக்கிறார்கள் என்று கேட்கட்டும். மரம் பேசும். மனப்பாடம் செய்த வசனத்தைவிட, தட்டுத்தடுமாறிச் சொல்லும் அந்த ஒரு பதில் மேல்.

பொங்கல் விழாவும் அப்படித்தான். வேட்டி கட்டிப் படம் எடுப்பதோடு முடிகிறது. முதலில் அரிசி களைவது, பிறகு பால் பொங்குவது, பிறகு வெல்லம் போடுவது என்று ஒரு பிள்ளை வரிசையாக ஆங்கிலத்தில் சொன்னால் எத்தனை வினைச்சொற்கள் வந்துவிடும்! ஜவ்வாது மலையிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்குச் சாமையைப் பற்றித் தெரிந்தது அந்த ஆசிரியைக்கே தெரிந்திருக்காது. கேட்கிறவருக்குத் தெரியாததைச் சொல்லும்போதுதான் பிள்ளைக்குச் சொல்லும் ஆசை வருகிறது.

சுற்றுலாவுக்கு என் சாட்சியே இருக்கிறது. கோடை விடுமுறையில் பேரனை ஜமுனாமரத்தூர் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்கு அழைத்துப் போனேன். 1986இல் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த, இரண்டேகால் மீட்டருக்கும் மேல் அகலமான கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. கிளம்பும் முன் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அங்கே யாரிடமாவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வழியெல்லாம் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். இருட்டியதும், பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா பக்கத்தில் நின்றார். தமிழ் தெரியாதவர். இவன் மெல்லப் போய், "ஆன்ட்டி, ஒய் நோ லைட் ஹியர்?" என்றான்.

அவர் குனிந்து, வெளிச்சம் இருந்தால் மங்கலான நட்சத்திரங்கள் தெரியாது என்று பொறுமையாக ஆங்கிலத்தில் சொன்னார். இவன் இன்னொன்று கேட்டான். பிறகு இன்னொன்று. இலக்கணத்தை யாரும் திருத்தவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இலக்கணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது பிறகு வகுப்பில் வரட்டும், முதலில் வாய் திறக்கட்டும்.

அரசுப் பள்ளிகளில் 2022-23 முதல் கலைத் திருவிழா நடத்துகிறார்கள். பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போய் கலையரசன், கலையரசி பட்டம் வரை உண்டு. நல்ல ஏற்பாடு. பத்திரிகையில் படம் வருவது கடைசிப் படிக்கு. மொழியைப் பொறுத்தவரை எனக்கு முக்கியம் முதல் படி, எல்லாப் பிள்ளையும் பெயர் கொடுக்கக்கூடிய பள்ளி அளவுப் படி. அங்கே எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்பதைத்தான் எண்ண வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு மரத்துக்கும் ஒரு வசனம் தருவீர்களா என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம் ஐயா" என்றார். முப்பத்தொன்பது வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்கு "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா? டிசம்பரில் ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுவேன். இந்த முறை எழுதிக் கொடுத்துவிட்டு வரப்போவதில்லை. நேரில் நின்று படித்தும் காட்டுவேன்.