எண்ணெய்க் கசிவும் மீன்காரம்மாவின் கணக்கும்

எண்ணூரில் வாளி வைத்து எண்ணெய் அள்ளிய படங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2017 ஜனவரி 28 விடிகாலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எரிவாயுவை இறக்கிவிட்டுத் திரும்பிய பி.டபிள்யூ. மேப்பிள் ஒன்று, பெட்ரோலியச் சரக்கோடு வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் இன்னொன்று. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு ஒன்றும் இல்லை என்று துறைமுகத் தரப்பில் முதலில் அறிக்கை வந்தது. அப்புறம் எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் கறுப்புக் கூழ் ஒதுங்கியது. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் உட்கார்ந்து எழுந்து பத்து நாள்கூட ஆகாத பையன்கள் கையுறை மாட்டிக்கொண்டு அங்கே போய் நின்றார்கள்.

இங்கே எங்கள் ஆபீஸில் ஒரே சிரிப்பு. செவ்வாய் கிரகத்துக்குக் கலம் அனுப்புகிற நாடு, வாளியால் கடலைச் சுத்தம் பண்ணுகிறதாம். "உங்க மெட்ராஸ்ல..." என்று ஆரம்பித்து என்னிடம்தான் வந்து சொல்வார்கள், ஏதோ வாளியை நான்தான் சப்ளை பண்ணியது மாதிரி :-)

இந்த வாளிக் கேலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்கு எரிபொருளாகப் போடுகிற கனமான எண்ணெய் தண்ணீரில் விழுந்து அலையில் அடிபட்டால், தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொண்டு தார்க்கூழ் மாதிரி ஆகிவிடும். விழுந்ததைவிடப் பல மடங்கு பெருகியும் விடும். ஆழ்கடலில், அலை அடங்கியிருக்கும்போது, மிதவை வேலி கட்டி இயந்திரத்தால் வழித்து எடுக்கலாம். கருங்கல் கொட்டிய கரையில், கல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்ட கூழை என்ன செய்வது? எண்ணூரில் உறிஞ்சும் லாரிகளையும் கொண்டுவந்து பார்த்தார்கள். குழாய் அடைத்துக்கொண்டது. தென்கொரியா ஒன்றும் ஏழை நாடில்லை. 2007 டிசம்பரில் அங்கே ஹெபெய் ஸ்பிரிட் என்ற கப்பலிலிருந்து பத்தாயிரம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய் கொட்டியபோது, தேயான் கரைக்குப் பன்னிரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்து பாறை பாறையாகத் துணியால் துடைத்தார்கள். அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சிரிப்பு, கோபம், எண்ணெயில் தோய்ந்த ஆமையின் படம், அமைச்சர் பேட்டி. இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆரம்பிக்கிற விஷயத்தைப் பற்றித்தான் யாருமே பேசுவதில்லை. அது நஷ்ட ஈடு. நான் பேங்க்காரன், எனக்கு அங்கேதான் கண் போகும்.

நெருள் பக்கம் இருப்பவர்களுக்கு இது 2010-லேயே தெரிந்த கதை. அந்த வருஷம் ஆகஸ்ட் 7 காலையில் மும்பைத் துறைமுக வாசலில் எம்.எஸ்.சி. சித்ராவும் கலீஜியா-3 என்ற கப்பலும் மோதின. சித்ராவில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் கண்டெய்னர்கள், இரண்டாயிரத்து அறுநூறு டன்னுக்கு மேல் எரிபொருள். சுமார் 800 டன் கடலில் போனது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண்டெய்னர்கள் சரிந்து விழுந்து மிதந்தன. சிலவற்றில் பூச்சிமருந்து வேறு. மும்பைத் துறைமுகம், ஜவஹர்லால் நேரு துறைமுகம் இரண்டையும் பல நாள் மூடினார்கள். எலிபெண்டா, உரண், அலிபாக் பக்கமெல்லாம் அலையாத்திச் செடிகளின் வேரில் எண்ணெய் ஒட்டியது. அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாக் கிணற்றை மூடி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, அதனால் டிவிக்காரர்களுக்கு ஒப்பிட்டுப் பேச வசதியாகப் போய்விட்டது.

கொஞ்ச நாளைக்கு மீன் வேண்டாம் என்று அதிகாரிகளே சொன்னார்கள். அவ்வளவுதான், எங்கள் பக்கத்து மார்க்கெட்டில் மீன் வரிசை காலி. தூத்துக்குடி, நாகர்கோவில்காரர்கள் வீட்டில்கூடக் குழம்புக்கு முருங்கைக்காய்தான். இதில் வேடிக்கை என்னவென்றால், அது மழைக்காலத் தடை நேரம். பெரிய படகுகள் கடலுக்கே போகவில்லை. கூடையில் இருந்ததில் பாதி ஆந்திராவிலிருந்து ஐஸ் போட்டு லாரியில் வந்த குளத்து ரோகு! அதையும் யாரும் வாங்கவில்லை. நாரளி பூர்ணிமாவுக்குத் தேங்காய் விட்டுப் படகு இறக்க வேண்டிய சமயத்தில், திவாலே, சார்சோளே கோளிக்காரர்கள் வாடி நின்றார்கள்.

பயந்து மீனை ஒதுக்கிய குடும்பங்களை நான் குறை சொல்லவில்லை. பூச்சிமருந்து டப்பா மிதக்கிறது என்று பேப்பரில் போட்டால் குழந்தை இருக்கிற வீட்டில் யார்தான் மீன் வாங்குவார்கள்? ஆனால் அந்தப் பயத்துக்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கூடை சுமந்தவர்கள்தான் கொடுத்தார்கள். எண்ணெய் தொட்ட வலைக்குச் சேதம் என்று சொல்லலாம். விற்காமல் போன மீனுக்கு என்ன பெயர்?

கொஞ்ச காலம் கழித்து, மார்க்கெட்டில் பழக்கமான ஒரு கோளி அம்மா எங்கள் கிளைக்குக் கடன் கேட்டு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எல்லாரும் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம். அந்த ஆகஸ்டில் வாங்கிய கைக்கடனே இன்னும் தீரவில்லை என்றார். நஷ்ட ஈடு எதுவும் வரவில்லையா மாவ்ஷி என்று கேட்டேன். "படகு யார் பேர்ல இருக்குன்னு கேட்டாங்க. எனக்குப் படகு ஏது சாஹேப்? கூடைதான் இருக்கு" என்றார். அவருடைய வருமானத்துக்கு என்னிடம் காட்டவும் ஒரு காகிதம் இல்லை. இடுப்பு முடிச்சிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் காட்டினார். தினமும் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்குச் சரக்கு எடுத்து விற்கிற பெண்மணி, எங்கள் படிவத்தின்படி வருமானமே இல்லாதவர்.

கடன் கொடுக்கிறவனும் நஷ்ட ஈடு கொடுக்கிறவனும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். போன வருஷம் இதே மாதம் எவ்வளவு வந்தது, அதற்கு என்ன ஆதாரம்? கப்பல் கம்பெனிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், கசிவு நடந்த அன்றே சர்வேயர் கிளம்பிவிடுவார். மீனவர் பக்கத்தில் இருப்பது ஞாபகம் மட்டும்தான்.

இது நம் ஊர்க் குறை மட்டும் என்று நினைக்காதீர்கள். அதே தேயானில் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்ட ஈட்டு மனுக்கள் வந்தன. சர்வதேச எண்ணெய் மாசு நிதியில், மீன் பிடிப்பவர் மட்டுமல்ல, அந்த மீனை நம்பியிருக்கும் வியாபாரியும் கேட்கலாம். ஆனால் வருமானத்தை நிரூபிக்க வேண்டும். கையால் சிப்பி பொறுக்கி வாழ்ந்த பாட்டிகளால் முடியவில்லை, ஏராளமான மனுக்கள் தள்ளுபடியாயின. லூசியானாவில் 1999-லிருந்தே, மீன் விற்கும் ஒவ்வொரு முறையும் யார், எவ்வளவு, என்ன விலை என்று சீட்டு எழுதியாக வேண்டும். 2010-ல் அந்தச் சீட்டு இருந்தவர்களுக்கு வழி கொஞ்சம் சுலபமாக இருந்தது. ரொக்கத்தில் தொழில் செய்த வியட்நாமியக் குடும்பங்கள் அங்கேயும் அலைந்தன.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறிவிடும். டான் காஞ்சிபுரம் எண்ணெய் டேங்கர், அதற்கு ஒரு வழி. சித்ரா கண்டெய்னர் கப்பல், டேங்கருக்கான சர்வதேச நிதி அதற்குப் பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் வந்த எண்ணெய்க்குக் கப்பலே கிடையாது. மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்தது. காட்டுக்குப்பத்துக்காரருக்கு வலை கறுத்தது கறுத்ததுதான். அரசு கொடுத்த நிவாரணம், அதிகம் பாதித்த குடும்பத்துக்கு 12,500 ரூபாய், மற்றவர்களுக்கு 7,500, படகுக்கு 10,000. கொடுத்ததற்கு நன்றிதான். ஆனால் தினம் ஐந்நூறு சம்பாதித்தவருக்கும் மூவாயிரம் சம்பாதித்தவருக்கும் ஒரே தொகை. தனித்தனிக் கணக்கு இல்லாத இடத்தில் தலைக்கு இவ்வளவு என்றுதான் கொடுக்க முடியும்.

கேரளாவைப் பாருங்கள். 2025 மே 25 கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா-3 மூழ்கியது. அந்த மாநிலம் சும்மா இருக்கவில்லை, 9,531 கோடி கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2017-ல் வந்த கடல்சார் வழக்குச் சட்டத்தின்படி, அதே குழுமத்தின் வேறொரு கப்பலை விழிஞ்ஞத்தில் பிடித்து வைக்க உத்தரவும் வாங்கியது. சபாஷ். ஆனால் கோரிக்கையைப் பிரித்துப் பார்த்தால், மீனவர்களின் நஷ்டம் என்று போட்டிருப்பது சுமார் 526 கோடி, பாக்கி பெரும்பாலும் சுற்றுச்சூழல். செப்டம்பரில் நீதிமன்றம் பிணையாக நிர்ணயித்ததோ சுமார் 1,227 கோடி. எதிர்த் தரப்பு ஒவ்வொரு வரியையும் எப்படிக் கணக்குப் போட்டாய் என்று கேட்கத்தான் செய்யும். மத்தி விற்ற பெண்ணின் வரியில் யார் என்ன பதில் சொல்வது?

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான். மிதவை வேலியும் இயந்திரமும் வாங்கி வைக்கிற மாதிரி, மீன் கணக்கையும் விபத்துக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். ஏலம் நடக்கிற ஒவ்வொரு இடத்திலும், எடுத்துப் போகிறவர் பெயரில் ஒரு சீட்டு. கூட்டுறவுச் சங்கத்தில் டீசல் கணக்கு ஒழுங்காக எழுதுகிறார்களே, அதே மேஜையில் இதையும் எழுதலாம். கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் விரித்து வருஷக்கணக்காகிவிட்டது. அதைக் கூடைக்காரர்கள் வரை கொண்டுபோவது எங்களைப் போன்றவர்கள் வேலை.

இதற்கு ஒரு எதிர்க் கேள்வி உண்டு, அது நியாயமானதும்கூட. மாவ்ஷி அன்றைக்கே கேட்டார், "எழுதி வெச்சா ரேஷன் கார்டுல கை வெக்க மாட்டாங்களா?" பயம் வெறும் கற்பனை இல்லை. கணக்கில் வந்து விழுகிற நிவாரணப் பணத்தைப் பழைய கடன் பாக்கிக்குப் பிடித்துக்கொள்வதும் எங்கள் தொழிலில் நடக்கிற அநியாயம்தான். வீட்டுக்காரர் கண்ணில் படக்கூடாது என்று ரொக்கமாகவே வைத்திருக்கும் பெண்களும் உண்டு. நிவாரணப் பணத்தைத் தொடக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு இல்லாமல் அவர்களைக் கணக்கு எழுதச் சொல்வது வீண்.

இப்போது கூடைக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை வந்துவிட்டது. போம்பில் நூறு ரூபாய்க்கு வாங்கினாலும் ஸ்கேன்தான். இது நல்ல ஆதாரம், மூன்று வருஷ ஸ்டேட்மெண்ட் கையில் இருந்தால் எந்த சர்வேயரிடமும் நின்று பேசலாம். ஆனால் அடுத்த முறை மீன் வாங்கும்போது, பணம் அனுப்புவதற்கு முன் திரையில் யார் பெயர் வருகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். எங்கள் மார்க்கெட்டில் பாதிக்கு மேல் மகன் பெயர், மருமகன் பெயர். ஒரு கூடையில், வட்டிக்குக் கொடுத்தவர் பெயரே வந்தது.