கணக்கு வினாவும் ஒரு வாக்கியமே

கலைப் பிரிவில் பயிலும் மாணவரிடம் போட்டித் தேர்வுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு மறுமொழி தவறாமல் வருகிறது. “பொது அறிவைப் படித்துவிடலாம், தமிழைப் பார்த்துக்கொள்ளலாம், கணக்குத்தான் எங்களுக்கு வராது” என்பதே அது. பத்தாம் வகுப்போடு கணக்குக்கு விடைகொடுத்துவிட்டுத் தமிழும் வரலாறும் அரபியும் பயில வந்தவர்கள் இவர்கள். இம்மறுமொழியை நாம் ஏற்பதற்கில்லை. ஏற்காமைக்குரிய காரணங்களை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழாசிரியர் கணக்கைப் பற்றி எழுதுவதா என வியப்போர் இறுதிவரை படித்துவிட்டுத் தீர்ப்பளிப்பாராக.

முதற்கண், தேர்வு எதைக் கேட்கிறது என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வில் மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அவற்றுள் 100 வினாக்கள் தமிழுக்கும், 75 வினாக்கள் பொது அறிவுக்கும், 25 வினாக்கள் திறனறிவும் மனக்கணக்கு நுண்ணறிவும் என்னும் பகுதிக்கும் உரியன. வினா ஒன்றுக்கு ஒன்றரை மதிப்பெண் என்பதால் கணக்கை முற்றாகக் கைவிடுபவர் 37.5 மதிப்பெண்ணைத் தொடாமலே இழக்கிறார். ஒரு வினா கூடினும் குறையினும் தரவரிசையில் பல்லாயிரம் பேர் முன்பின்னாக மாறும் தேர்வில் இஃது எத்துணைப் பெரிய இழப்பு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளிலோ 150 வினாக்களில் 30 கணக்குக்கே உரியன. தமிழ் படித்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்புவோரும் அவ்வழியாகத்தான் சென்றாக வேண்டும்.

இவ்வினாக்களின் தரம் யாது? தொகுதி 4 தேர்வுக்குரிய அளவு பத்தாம் வகுப்பேயாகும். சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கனஅளவு, வேலையும் நேரமும் ஆகியவையும், இவற்றோடு எண்தொடர், புதிர் போன்ற சிலவும் அப்பகுதியில் அடங்கும். நுண்கணிதமும் முக்கோணவியலும் அங்கே நம்மை அச்சுறுத்தக் காத்திருக்கவில்லை. சந்தையிலும் வயலிலும் கடையிலும் வீட்டிலும் நாள்தோறும் நடமாடும் கணக்குகளே அங்கு எழுத்துருவம் பெற்று நிற்கின்றன.

நிற்க. கட்டுமாவடியை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையின் வடமுனையில், பாக் நீரிணையை நோக்கி அமைந்த ஊர் அது. அங்குள்ள மீன் சந்தையில் நின்று பார்ப்பவர்க்கு ஓர் உண்மை விளங்கும். ஏலம் கூறுவோரின் வாயில் விலை நொடிக்கு நொடி ஏறுகிறது. வாங்க நிற்பவர் கூடையின் எடையைக் கண்ணால் மதிக்கிறார். பனிக்கட்டிச் செலவையும் வண்டி வாடகையையும் கழிக்கிறார். விற்கும் விலையைக் கணிக்கிறார். அதற்குள் அடுத்த விலையைக் கேட்டும் விடுகிறார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. கிலோ 320 ரூபாய் மீனில் முக்கால் கிலோ கேட்பவரிடம் மீன் விற்கும் பெண்மணி 240 ரூபாய் என்று கணமும் தயங்காமல் சொல்கிறார். அவர் பள்ளிப்படிப்பை எந்த வகுப்போடு நிறுத்தினார் என்பதை எவரும் கேட்பதில்லை. அவர் மகளோ கல்லூரியில் அமர்ந்து, தனக்குக் கணக்கு வராது என்கிறாள்.

கடலோர ஊர்களில் மீன் விற்ற பணம் பங்குமுறையில் பிரிக்கப்படுகிறது. இம்முறை ஊருக்கு ஊர் வேறுபடும். எடுத்துக்காட்டாக ஒன்றைக் கொள்வோம். ஒரு படகின் மீன் 18,000 ரூபாய்க்கு விலைபோகிறது. எண்ணெய், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றின் செலவு 6,000 ரூபாய். எஞ்சிய 12,000 ரூபாயில் பாதி படகுக்கும் வலைக்கும் உரியது. மறுபாதி உழைத்த நால்வருக்கும் சமமாக உரியது. ஆளுக்கு 1,500 ரூபாய் என்பதை அங்குள்ள சிறுவனும் சொல்லிவிடுவான். “12,000 ரூபாயை 4:1:1:1:1 என்னும் விகிதத்தில் பிரிக்க” என்று தேர்வுத்தாளில் கேட்டால் அதே சிறுவன் வளர்ந்து பட்டம் பெற்ற பின்னும் திகைக்கிறான். கணக்கு ஒன்றே, உடைதான் வேறு. ஆகவே நம் மாணவரிடம் இல்லாதது அறிவு அன்று. வாய்க்கணக்குக்கும் தாள்கணக்குக்கும் இடையே ஒரு பாலம் இல்லை, அவ்வளவே.

அப்பாலத்தைக் கட்டுவதற்குரிய கல் நம் மொழியிலேயே கிடக்கிறது. தமிழ்ப் பின்னச் சொற்களைச் சற்று உற்று நோக்குக. கால், அரை, முக்கால் ஆகியவற்றை யாவரும் அறிவர். அரைக்கால் என்பது அரையைக் காலால் பெருக்கியது, அதாவது 1/8. ஒரு மா என்பது 1/20. ஒரு காணி என்பது 1/80. இரண்டையும் கூட்டினால் 1/16. அதற்குப் பெயர் மாகாணி. எனவே அரைக்கால் என்னும் சொல்லே ஒரு பெருக்கல். மாகாணி என்னும் சொல்லே ஒரு கூட்டல். முந்திரி என்பதோ 1/320. இவற்றையெல்லாம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடி கொண்டு மனத்தில் பதித்தனர். நிலமளக்கவும் நெல்லளக்கவும் வேண்டிய கணக்குகளைக் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் செய்யுளில் வகுத்தளித்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு, 2022இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில், இத்திண்ணைப் பள்ளிகளின் கணக்குப் பயிற்சியையும் அது ஊர்மக்களின் தொழிலோடு கொண்டிருந்த உறவையும் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

பதினாறு அணா ஒரு ரூபாயாக வழங்கிய காலத்தில் ஓர் அணா என்பது மாகாணி ரூபாயேயாம். 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்மக் காசு முறை நடைமுறைக்கு வந்தது. அளவைகளும் படிப்படியாக மாறின. அம்மாற்றம் தேவையானதே, அதை நாம் குறைகூறவில்லை. ஆயினும் பழைய சொற்கள் வழக்கொழிந்தபோது பின்னத்தை மனத்தால் தொட்டுப் பார்க்கும் பழக்கமும் உடன் ஒழிந்தது. ஐந்து விழுக்காடு என்றால் இருபதில் ஒன்று, ஒரு மா. இருபது விழுக்காடு என்றால் ஐந்தில் ஒன்று, நான்கு மா. இவ்வாறு விழுக்காட்டைப் பின்னமாகக் காணத் தெரிந்தவருக்கு விழுக்காட்டு வினாக்களில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நம் சமுதாயத்தார்க்கு இதில் தனிப்பட்டதோர் உரிமையும் உண்டு. பணத்துக்கும் வணிகப் பொருளுக்கும் உரிய ஜகாத் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை விழுக்காடு. பழந்தமிழ் வழக்கில் அரைமா. வாரிசுரிமைப் பங்கீடு முழுவதும் பின்னக் கணக்கேயாகும். மனைவியையும் ஒரு மகனையும் ஒரு மகளையும் விட்டு ஒருவர் இறப்பின், மனைவிக்கு அரைக்கால் பங்கு. எஞ்சிய ஏழு அரைக்கால் மகனுக்கும் மகளுக்கும் 2:1 என்னும் விகிதத்தில் சேரும். மொத்தச் சொத்தை 24 கூறாக்கினால் மனைவிக்கு 3, மகனுக்கு 14, மகளுக்கு 7. இங்கே 24 என்பது 8க்கும் 3க்கும் மீச்சிறு பொது மடங்கு. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்தே ‘அல்ஜீப்ரா’ என்னும் சொல் பிறந்தது. அவர் பெயரிலிருந்தே கணினித் துறையார் வழங்கும் ‘அல்காரிதம்’ பிறந்தது. அந்நூலின் பெரும்பகுதி இத்தகைய பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. உயர்ந்த கணிதம் மக்களின் வழக்கிலிருந்தும் தேவையிலிருந்தும் முளைத்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் நம் மாணவர் தேர்வில் சறுக்குவது எங்கே? பெரும்பாலும் எண்ணில் அன்று, வாக்கியத்தில். இதுவே நாம் வலியுறுத்த விரும்பும் கருத்து. சில சான்றுகள் காண்போம்.

500 ரூபாய் விலையுள்ள பொருள் “20 விழுக்காடு குறைந்தது” என்றால் புதிய விலை 400 ரூபாய். “20 விழுக்காடாகக் குறைந்தது” என்றால் 100 ரூபாய். ‘ஆக’ என்னும் இரண்டெழுத்து 300 ரூபாயை விழுங்கிவிட்டது. இஃது எண் செய்த வேலையா, இலக்கணம் செய்த வேலையா?

“அகமதின் ஊதியம் முருகனின் ஊதியத்தைவிட 25 விழுக்காடு மிகுதி, எனில் முருகனின் ஊதியம் அகமதின் ஊதியத்தைவிட எத்தனை விழுக்காடு குறைவு?” இதற்கும் 25 என்றே பலர் விடை தருகின்றனர். ‘விட’ என்னும் சொல் எதனோடு சேர்ந்து நிற்கிறதோ அதுவே ஒப்பிடுதற்கு அடிப்படை. முதல் வாக்கியத்தில் அடிப்படை முருகனின் ஊதியம். அதை 100 எனக் கொண்டால் அகமதினுடையது 125. இரண்டாம் வாக்கியத்தில் அடிப்படை மாறி 125 ஆகிறது. 125இல் 25 என்பது ஐந்தில் ஒன்று. விடை 20 விழுக்காடு. வேற்றுமையின் ஒப்புப்பொருளை இலக்கண வகுப்பில் கருத்தூன்றிக் கற்ற மாணவன் இவ்விடத்தில் இடறமாட்டான்.

“மூன்றில் ஒரு பங்கைச் செலவிட்டு, மீதியில் பாதியைச் சேமித்தான்” என்பதும் “மூன்றில் ஒரு பங்கைச் செலவிட்டு, மொத்தத்தில் பாதியைச் சேமித்தான்” என்பதும் ஒன்றல்ல. முன்னதில் கையில் நிற்பது மூன்றில் ஒன்று. பின்னதில் ஆறில் ஒன்று.

இவ்விடத்தே ஒரு தடை எழலாம். “200 வினாக்களுக்கு 180 நிமிடங்கள், ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆற அமர வாக்கியத்தை ஆராய நேரம் ஏது? குறுக்குவழிச் சூத்திரங்களே கைகொடுக்கும்” என்பர். இத்தடையில் ஓரளவு உண்மை உண்டு. வாய்ப்பாடும், வர்க்க எண்களும், அடிப்படைச் சூத்திரங்களும் மனத்தில் இருந்தே ஆக வேண்டும். திண்ணைப் பள்ளியும் மனப்பாடத்தை வெறுக்கவில்லை. ஆனால் பொருள் தெரியாமல் கடன் வாங்கிய சூத்திரம் வினா சற்றே திரும்பினாலும் கைவிட்டுவிடும். ஒருவன் 12 நாளிலும் மற்றவன் 6 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பர்? பெருக்கியதைக் கூட்டியதால் வகுத்து 4 நாள் என்று சூத்திரம் சொல்லும். முதல்வன் மூன்று நாள் தனித்து வேலை செய்த பிறகே மற்றவன் வந்து சேர்ந்தான் என்று வினா மாறினால் சூத்திரம் வாய்மூடிக்கொள்ளும். பின்னத்தை அறிந்தவனோ, மூன்று நாளில் கால் வேலை முடிந்தது, எஞ்சியது முக்கால், இருவரும் சேர்ந்தால் நாளொன்றுக்குக் கால் வேலை, ஆகவே இன்னும் மூன்று நாள் என்று விரல்விட்டே சொல்லிவிடுவான். விரைவு என்பது தெளிவின் பிள்ளை.

இனிச் செய்யத்தக்கன யாவை? மாணவர் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பாடநூல்களை மீண்டும் கையிலெடுக்க வேண்டும். அதில் நாணத்துக்கு இடமில்லை. நாளொன்றுக்குப் பத்துக் கணக்குகள் போதும். ஒவ்வொன்றையும் செய்யுமுன், ‘கொடுக்கப்பட்டது யாது? கேட்கப்படுவது யாது? எதனோடு எதை ஒப்பிடுகிறார்?’ என்னும் மூன்று வினாக்களைத் தமக்குத்தாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். வினாத்தாளில் கணக்கு வினாக்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரப்படுகின்றன. ஒன்றில் ஐயம் எழின் மற்றொன்றையும் நோக்குதல் நன்று.

தமிழ்த்துறையாராகிய நமக்கும் கடமை உண்டு. செய்யுளுக்குக் கொண்டுகூட்டுப் பொருள்கோள் கற்பிக்கும் நாம், கணக்கு வினாவொன்றைக் கரும்பலகையில் எழுதி அதற்கும் பொருள் காணக் கற்பித்தால் இலக்கணத்தின் மதிப்புக் குறைந்துவிடாது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கணிதத்துறையாரோடு கூடி அமர்ந்து, அவர் எண்ணையும் நாம் வாக்கியத்தையும் விளக்கினால் அவ்வகுப்பு எந்தத் தனிப்பயிற்சிக்கும் இளைத்ததாகாது.

ஜமாஅத் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். தொலைவிலுள்ள நகரப் பயிற்சி நிலையங்களுக்குச் செல்ல வசதியும் இசைவும் இல்லாத பிள்ளைகள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், நம் கடற்கரை ஊர்களில் பலர் உள்ளனர். மாலையில் ஓர் அறை, நல்ல விளக்கு, ஒரு கரும்பலகை, ஒரு தொகுதிப் பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள் ஆகியவற்றை ஊர்தோறும் ஏற்படுத்தித் தந்தால் போதும். பட்டம் பெற்று வேலைக்குச் சென்றவர்கள் விடுமுறையில் வந்து கற்பிப்பர். ஏலத்தில் கணக்குப் பார்த்துப் பழகிய முதியவர் ஒருவரையும் அங்கே அழைத்து அமர்த்துக. அவரிடம் மாணவர் கற்க நிறைய உண்டு.

‘கணக்கு வராது’ என்பது எந்தப் பிள்ளையும் தானாகக் கண்டுபிடித்த உண்மை அன்று. சிறுவயதில் யாரோ நெற்றியில் ஒட்டிய சீட்டு. அதை ஒட்டியவர் மறந்துவிட்டார், சுமப்பவர் மறக்கவில்லை. அச்சீட்டினால் ஒரு வேலையும், அவ்வேலையால் தலைநிமிரக்கூடிய ஒரு குடும்பமும் கைநழுவிப் போவதைக் கண்டும் வாளாவிருத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. அதைக் கிழித்தெறியும் முதற்பணியைத் தமிழ் வகுப்பறையிலேயே தொடங்குவோமாக.