கெட்டிமேளத்துக்கு மட்டும்தானா நாதஸ்வரம்?

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கும்பகோணம் பக்கம் வந்து ரிசார்ட்டில் கல்யாணம் நடத்துவது இப்போது ஃபேஷன். வாழையிலை, டிகிரி காபி எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. பாட்டுக்கு மட்டும் டிஜே, கேரளத்துச் செண்டை மேளம்!

இத்தனைக்கும் நாதஸ்வரம் பிறக்கிற நரசிங்கம்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. ஆச்சா மரத்தைக் கடைந்து அங்கே செய்யும் வாத்தியத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் (1898-1956) பெயரோடு ஒட்டிய திருவாவடுதுறையும் அருகில்தான்.

நாதஸ்வரம் வைக்கும் வீடுகளிலும் ஒரு குறை. ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசிக்கத் தெரிந்தவரை, தாலி கட்டும்போது சத்தம் எழுப்பும் ஆளாக்கிவிட்டார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் அவரை யாரும் கவனிப்பதில்லை.

ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதக் கல்யாணங்களும் கைவிட்டால் கலைஞர் எதை நம்பிப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பார்?

டிஜே கூடாது என்றில்லை. இளசுகள் ஆடட்டும். முதல்நாள் மாலை மாப்பிள்ளை அழைப்பில் ஒரு மணி நேரமாவது நாதஸ்வரமும் தவிலும் முழுதாக ஒலிக்கட்டும். அது திறந்தவெளி வாத்தியம்; ஏசி ஹாலுக்குள் காதைத் துளைக்கும், தோப்பில் வாசித்தால் மைக்கே வேண்டாம். முக்கியமாக, நாலு பேராவது எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் பாதிதான், மரியாதை மீதி.