12 வருஷ சிங்கிள் மால்ட்... காரைக்காலில் விலை குறையுமா?

நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்ததுமே வரிசையாக ஒயின் ஷாப் போர்டுகள் கண்ணில் படும். எல்லைக்கு அந்தப் பக்கம் டாஸ்மாக், இந்தப் பக்கம் புதுச்சேரி கலால் வரி. அதனால் காரைக்கால் என்றாலே 'சரக்கு சீப்' என்ற பெயர். இப்போ அங்கேயும் சிலர் கேட்பது, "பிரிட்டனோட ஒப்பந்தம் போட்டாச்சே, ஸ்காட்ச் விலை பாதியாகுமா?" என்றுதான்.

முதல்ல, அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கு? ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியில் மட்டும் தயாரித்து, ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருஷம் ஸ்காட்லாந்திலேயே ஊறினால்தான் அது சிங்கிள் மால்ட் ஸ்காட்ச். லேபிளில் 12 என்று இருந்தால், உள்ளே இருப்பதில் மிக இளையதுக்கே 12 வயசு.

பார்லியை பீட் என்ற சதுப்பு மண்கட்டி எரித்துக் காயவைத்தால் புகை வாசம் ஏறும். கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12 போன்றவற்றில் அந்தப் புகை கிடையாது. அதனால் பீப்பாயே பேசும். போர்பன் பீப்பாய் என்றால் வெனிலா, தேன். ஷெர்ரி பீப்பாய் என்றால் உலர்திராட்சை. புதுசா ருசிப்பவர்களுக்கும் இது பிடித்துப்போக அதுதான் காரணம்.

அந்த 12 வருஷத்துக்கும் விலை உண்டு. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்குச் சுமார் 2 சதவிகிதம் ஆவியாகிப் போகும். 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். நம்ம ஊர் வெயிலில் இழப்பு பல மடங்கு. 2004-ல் கிளாஸ்கோவிலேயே அறிமுகமான பெங்களூரு அம்ருத், குறைந்த வயசிலேயே பாட்டிலுக்கு வருவது இதனால்தான்.

இப்போ கணக்கு. 2025 ஜூலை 24-ல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, 150 சதவிகித இறக்குமதி வரி, அமலானதும் 75 ஆகும். 10-வது வருஷத்தில் 40. துறைமுகத்தில் 1,000 ரூபாய் மதிப்புள்ள சரக்கு, இந்த வரியோடு 2,500 ரூபாய். அது 1,750 ஆகும், பிறகு 1,400. ஆனா கதை அங்கே முடியலை. மது ஜி.எஸ்.டி-க்குள் வராது. கலால் வரி புதுச்சேரி அரசின் கையில், அதுக்கு மேல் கடைக்காரர் லாபம். இவை கூடினால், டெல்லி குறைத்தது உங்க பில்லில் முழுசா தெரியாது. பாதி விலை என்ற கனவு வேண்டாம்.

இன்னொண்ணு. பில் இருக்கே என்று பாட்டிலோடு நண்டலாறு சோதனைச்சாவடியைத் தாண்ட நினைக்காதீங்க. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு பாயும், வண்டியும் போகலாம். மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு அது கட்டுப்படியாகாது.

'பழசு, விலை கூடினது, அதனால உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பாதுகாப்பான அளவு என்று மதுவில் எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயசு கூடினால் ருசிதான் மாறும், ஆல்கஹால் ஆல்கஹால்தான்.